மணக்கடவுக்குக் கீழே அத்தை வீடு

ஆனைமலை, பொள்ளாச்சி வட்டங்களின் மேற்கோரக் கிராமங்களில், கேரளத்தில் உறவு இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பெண் கொடுத்தும் பெண் எடுத்தும் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி, பெருமாட்டி என்று பல தலைமுறைகளாக எங்கள் சனம் அந்தப் பக்கமும் பரவிக் கிடக்கிறது. என் அப்பாவின் அக்காள் வாழ்க்கைப்பட்டுப் போனது எருத்தேம்பதிப் பஞ்சாயத்தில் உள்ள ஒரு தோட்டத்து வீட்டுக்கு. மாசி மாதத்தில் அங்கே போய்ச் சில நாள் தங்கி, மாமாவோடும் அத்தை மகனோடும் அந்தச் சீமையைச் சுற்றிப் பார்ப்பது எங்கள் வீட்டில் விட்டுப்போகாத வழக்கம். அப்படிச் சுற்றியதில் தெரிந்துகொண்டவற்றை, அவற்றிலும் தண்ணீரைப் பற்றித் தெரிந்துகொண்டவற்றை, எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

அத்தை கல்யாணமாகிப் போன காலத்தில் அது பக்கத்து மாநிலம். அத்தையின் மாமியாரும் எங்கள் ஊர்ப் பெண்தான். அவர் போன காலத்தில் அது வேறொரு ராஜ்யம். அந்த ஊர்கள் அடங்கிய, பாலக்காடு மாவட்டத்தின் இன்றைய சித்தூர் வட்டத்தில் பெரும்பகுதி கொச்சி மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. கொச்சியின் மற்றப் பகுதிகளிலிருந்து விலகி, ஒரு பக்கம் மலபார் மாவட்டமும் மறுபக்கம் கோயமுத்தூர் மாவட்டமுமாகச் சென்னை மாகாணம் சூழ்ந்திருக்க, நடுவே தனியாகக் கிடந்த துண்டு அது. 1949இல் கொச்சி திருவிதாங்கூரோடு இணைந்தது. 1956 நவம்பர் 1 அன்று மலபாரும் சேர்ந்து கேரளம் உருவானது. ஆகவே எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் ‘கொச்சிச் சீமைக்குப் போய்வந்தேன்’ என்று சொன்னபோது, உண்மையாகவே அயல்நாடு ஒன்றுக்குப் போய்வந்ததைத்தான் சொன்னார்கள். கட்டை வண்டியில் விடியற்காலை புறப்பட்டு வெயிலுக்கு முன் போய்ச் சேரக்கூடிய அயல்நாடு.

எல்லையிலுள்ள மீனாட்சிபுரத்தைத் தாண்டியதும் நிலம் மாறிவிடுவதில்லை. அதே தென்னை, அதே பனை, தெற்கே அதே மலைத்தொடர். ஏறத்தாழ 40 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயில் இது. மார்கழியிலும் தையிலும் கிழக்கிலிருந்து வீசும் வறண்ட காற்று மாசியிலும் முழுதாக ஓய்ந்திருக்காது. கேரளம் என்றாலே மழை என்று எண்ணிப் போகிறவர்கள் எருத்தேம்பதியில் கரிசல் மண் வெடித்துக் கிடப்பதைப் பார்த்துத் திகைத்துப் போவார்கள். ஒரு காலத்தில் பருத்தியும் நிலக்கடலையும் விளைந்த பூமி அது. தென்மேற்குப் பருவமழை மலைகளில் கொட்டித் தீர்த்துவிட்டுக் கணவாயின் கிழக்குக் கோடிக்கு வரும்போது மெலிந்துவிடுகிறது. சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பஞ்சாயத்துகளை மழைமறைவுப் பகுதி என்று கேரள அரசின் ஆவணங்களே குறிப்பிடுகின்றன.

உடனடியாகக் கண்ணில் படும் வேறுபாடு ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை இருப்பதால் எங்கள் தோப்புகளில் தென்னை, காய்க்கும் மரம் மட்டுமே. எல்லைக்கு அந்தப் பக்கம் அதே தென்னையின் பாளைகளில் கள் பிடிக்கும் முட்டி தொங்கும். கேரளத்தின் பல மாவட்டங்களிலுள்ள கள்ளுக்கடைகளுக்குச் சித்தூர் வட்டத்திலிருந்துதான் கள் போகிறது. விடியும் முன்பே வண்டிகள் புறப்பட்டுவிடும். அத்தை வீட்டுத் தோப்பிலும் சில மரங்களைக் கள்ளுக்கு விட்டிருக்கிறார்கள். மேற்கேயிருந்து வந்து தோப்புக் குடிசையில் தங்கியிருக்கும் மரமேறி ஒருவர் பாளை சீவுவதை நான் அருகிலிருந்த மேட்டில் நின்று பலமுறை பார்த்திருக்கிறேன். விரியாத பாளையைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, நாள்தோறும் பக்குவமாகத் தட்டித் தட்டி, நுனியைச் சீவி, சீவிய இடத்தில் குழைத்த பச்சிலையைத் தடவி, முட்டியை மறுபடி பொருத்துகிறார். சீவல் எவ்வளவு மெலிதாக விழுகிறதோ அவ்வளவு நாளைக்குப் பாளை நீடிக்கும் என்பதால், அவருடைய கவனமெல்லாம் கத்தியின் கூர்மையில்தான் இருக்கிறது. ஒரு நாளைக்குக் காலை, மாலை என்று தவறாமல் ஏறி இறங்க வேண்டும். ஒரு நாள் விட்டாலும் பாளை காய்ந்துவிடும். இந்த வேலையின் நுணுக்கத்தை எங்கள் பக்கத்து இளைஞர்கள் பார்த்ததே இல்லை என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

அத்தை வீட்டில் சாப்பாடு எங்கள் வீட்டுச் சாப்பாடுதான். போய்ச் சேர்ந்த அன்று இரவு அரிசியும்பருப்புச் சோறு, காலையில் சந்தகை. கேரளத்து மட்டை அரிசிச் சோறு மதியத்துக்கு மட்டும், அதுவும் மச்சானுக்காக. அத்தைக்கு இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அது இறங்குவதில்லை.

சாப்பாடு முடிந்து திண்ணையில் உட்கார்ந்ததும் மாமா கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றே: “மாப்ளை, ஆழியாத்துல தண்ணி எத்தனை அடிங்க?”

இந்தக் கேள்வியின் கனம் எனக்கு உடனே விளங்கிவிடவில்லை. அவரோடு கால்வாய்க் கரையில் நடந்த பிறகுதான் விளங்கியது. எங்கள் வயல் ஆழியாற்றுப் பழைய ஆயக்கட்டில், காரப்பட்டி வாய்க்காலில் பாய்கிறது. பள்ளிவிளங்கால், அரியாபுரம், காரப்பட்டி, பெரியணை, வடக்கலூர் என்னும் ஐந்து வாய்க்கால்களில் பாயும் 6,400 ஏக்கர் அந்த ஆயக்கட்டு. அணை கட்டுவதற்கு முன்பே ஆற்றில் உரிமை பெற்றிருந்த நிலங்கள் என்பதால் எங்களுக்கு மதிப்பான இடம் உண்டு. எங்களைத் தாண்டிப் போகும் அதே ஆறு எல்லையோர மணக்கடவில் அளக்கப்பட்டு, எல்லையைக் கடந்து, மூலத்தறையில் தடுக்கப்பட்டு, இடதுகரை வலதுகரைக் கால்வாய்களாகப் பிரிந்து, அவற்றில் ஒன்றின் வழியாக மாமாவின் பக்கத்துக்கு வருகிறது. எங்கள் வயலும் அத்தையின் தோட்டமும் ஒரே அணையை நம்பியிருக்கின்றன. நாங்கள் மேலே இருக்கிறோம். அவர்கள் கீழே இருக்கிறார்கள்.

பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தமிழ்நாடும் கேரளமும் 1970 மே 29 அன்று கையெழுத்திட்டு, 1958 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்ட ஒப்பந்தம் அது. மேற்கே ஓடும் ஆறுகளின் நீரை மலைக்குள் சுரங்கங்கள் வழியாகத் திருப்பிக் கிழக்கே பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், காங்கயம் வரைக்கும் கொண்டுவந்தார்கள். பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் அணைகள் கேரள மண்ணில் இருந்தாலும் அவற்றை இயக்குவது தமிழ்நாடு. அந்த ஏற்பாட்டில் சித்தூர்ப் பள்ளத்தாக்கின் பாசனத்துக்காக ஆண்டுதோறும் மணக்கடவில் 7.25 டிஎம்சி (ஆயிரம் மில்லியன் கன அடி) தண்ணீர் கேரளத்துக்குத் தரப்பட வேண்டும். ஏறத்தாழ 20 கோடியே 50 லட்சம் கன மீட்டர். ஜூலை முதல் ஜூன் வரை ஒரு கணக்காண்டு. இரண்டு மாநிலங்களின் பொறியாளர்களும் கூடி, எந்தப் பதினைந்து நாளில் எவ்வளவு என்று பேசி முடிவு செய்கிறார்கள்.

தாளில் இது எண். மூலத்தறையில் நின்று பார்த்தால்தான் அது எந்தெந்த வழியாகப் பிரிகிறது என்று தெரியும். 2009 வெள்ளத்தில் உடைந்து, நெடுநாள் கழித்துப் புதுப்பிக்கப்பட்ட அந்தக் கட்டுமானத்தின்மேல் நின்றுகொண்டு மாமா எனக்கு ஒவ்வொரு ஷட்டரையும் காட்டினார். ஆற்றோடு கீழே போகும் நீர் குன்னங்காட்டுப்பதி, தேம்பாறமடக்கு, நறணி என்று அடுத்தடுத்த தடுப்பணைகளில் மறுபடி பிரிகிறது. வலதுகரைக் கால்வாய் கோரையாற்றை நோக்கிப் போகிறது. அதை வேலந்தாவளம் வரை நீட்ட வேண்டும் என்பது கிழக்குப் பஞ்சாயத்துகளின் பல்லாண்டுக் கோரிக்கை. நாங்கள் கால்வாய்க் கரையோடு நடந்தோம். கால்வாய் தொடங்கும் தலைப்பில் கரை நிறையப் போய்க்கொண்டிருந்த தண்ணீர், ஒவ்வொரு மதகுக்கும் பிறகு ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் என்று இறங்கிக்கொண்டே வந்தது. கால்வாயின் பக்கச் சுவரில் பாசி படிந்திருந்த உயரத்தையும் அன்றைய நீர்மட்டத்தையும் மாமா கைத்தடியால் தொட்டுக் காட்டியபடியே வந்தார். பாசிக்கும் நீருக்கும் இடையே ஒரு முழம் வித்தியாசம் வந்த இடத்தில் நின்று, “இதுக்கு மேல போற தண்ணிய நம்பி நெல்லு வெக்க முடியாதுங்க, மாப்ளை” என்றார்.

அவரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் எழுதும் நாற்பது பக்க நோட்டுகளைச் சேர்த்துத் தைத்தது. கால்வாயில் தண்ணீர் வந்த தேதி, நின்ற தேதி, எந்த வயல் பாய்ந்தது, கிணற்றில் மட்டம் எவ்வளவு ஏறியது என்று ஆண்டாண்டாக எழுதியிருக்கிறார். தேதிகளைத் தமிழ் மாதத்தில் எழுதி, பக்கத்தில் மலையாள மாதத்தையும் குறித்திருப்பார். அதைப் புரட்டிக்கொண்டிருந்தபோது நான் கவனித்தது, தண்ணீர் ‘வந்த’ நாளுக்கும் அதற்கென அறிவிக்கப்பட்டிருந்த நாளுக்கும் இடையே, கால்வாயின் கடைக்கோடியான கடைமடையில் எப்போதுமே ஒரு தாமதம் இருப்பதுதான். அறிவிப்பு தலைப்புக்கு உரியது. பயிர் கடைமடையில் இருக்கிறது.

எங்கள் ஊர் டீக்கடைப் பேச்சில் ‘கேரளாவுக்குத் தண்ணியைக் கொட்டிக் கொடுக்கறாங்க’ என்பது ஒவ்வொரு கோடையிலும் வரும் வாக்கியம். கொழிஞ்சாம்பாறை டீக்கடையில் ‘தமிழ்நாடு தர வேண்டிய தண்ணியத் தரலை’ என்பது அதே கோடையில் வரும் வாக்கியம். இரண்டையும் சொல்கிறவர்கள் ஒருவருக்கொருவர் சம்பந்திகள், பங்காளிகள், ஒரே குலதெய்வத்துக்குப் பொங்கல் வைப்பவர்கள். தண்ணீர் குறையும் ஆண்டில் அந்தப் பக்கம் எல்லையில் மறியல் நடக்கும். இந்தப் பக்கம் வெள்ளகோவில், காங்கயம் விவசாயிகள் கடைமடைக்கு வரவில்லை என்று உண்ணாவிரதம் இருப்பார்கள். இரு தரப்பும் கேட்பது நியாயமானதே என்று நான் நம்புகிறேன். அரசியல்வாதிகளின் பேச்சில் மாநிலம் மாநிலத்தோடு மோதுவதாகத் தோன்றுகிறது. கரையோடு நடந்தவர்களுக்குத் தெரிவது வேறு: உண்மையான பிளவு தலைமடைக்கும் கடைமடைக்கும் இடையில்தான், அது இரண்டு மாநிலத்துக்குள்ளும் இருக்கிறது. காங்கயத்துக் கடைமடை விவசாயியும் எருத்தேம்பதியில் இருக்கும் என் மாமாவும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். இந்த எளிய உண்மையை ஆனைமலையில் உட்கார்ந்துகொண்டு பேசினால் யாரும் ஏற்பதில்லை. பேசியவர்களில் சிலரை நான் மாசியில் என்னோடு கூட்டிப்போய் மூலத்தறையிலிருந்து நடக்க வைத்திருக்கிறேன். அவர்களுடைய பேச்சு கொஞ்சம் மாறியிருக்கிறது.

கால்வாய்த் தண்ணீர் வராதபோது மீதமிருப்பது நிலத்தடி நீர். அதைப் பற்றிப் பேசினால் அத்தை பிளாச்சிமடையைச் சொல்லாமல் இருக்க மாட்டார். பெருமாட்டிப் பஞ்சாயத்தில், மூலத்தறைக் கால்வாய்க்குப் பக்கத்தில், 2000இல் தொடங்கப்பட்ட குளிர்பான ஆலை தங்கள் கிணறுகளை வற்றடித்துக் கெடுத்துவிட்டது என்று சொல்லி 2002 ஏப்ரலில் அங்குள்ள பழங்குடி மக்கள் ஆலை வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். முன்னால் நின்றவர் இரவாளர் குடியைச் சேர்ந்த மயிலம்மா. 2004இல் ஆலை மூடப்பட்டது. மயிலம்மா 2007இல் காலமானார். அத்தை அந்தப் பந்தலுக்குத் தோட்டத்துத் தேங்காயும் காய்கறியும் கொடுத்தனுப்பிய காலத்தைச் சொல்லும்போது அவருடைய குரலில் இருக்கும் பெருமிதத்தை நான் வேறெந்தப் பேச்சிலும் கேட்டதில்லை. “குடிக்கற தண்ணிக்காக ஒரு பொம்பளை உக்காந்தா, கண்ணு. அவளுக்கு நாம என்ன பெருசாச் செஞ்சோம்” என்பார். வண்டியில் அந்த வழியாகப் போகும்போது அவர் பேச்சை நிறுத்திவிட்டு அந்த மதிலைப் பார்த்துக்கொண்டே வருவார்.

மச்சான் எங்களை வெளியே கூட்டிப்போவது பெரும்பாலும் தெற்கே. முதலமடையில் மாந்தோப்புகள் மைல் கணக்கில் விரிந்திருக்கின்றன. நாட்டின் மற்றப் பகுதிகளில் மா பூத்துக்கொண்டிருக்கும்போதே இங்கே பறிப்பு தொடங்கிவிடுவதால், வடக்கேயுள்ள சந்தைகளுக்கு ஆண்டின் முதல் மாம்பழம் பெரும்பாலும் இங்கிருந்து போகிறது. பங்கனபள்ளி, செந்தூரம், அல்போன்சா என்று பெட்டி பெட்டியாக வைக்கோல் வைத்து அடுக்குவதைப் பார்க்கலாம். முதலமடை ரயில் நிலையம் ஆலமரங்கள் கவிந்த சிறிய நிலையம். பொள்ளாச்சி பாலக்காடு மீட்டர்கேஜ் பாதை 2008 இறுதியில் நிறுத்தப்பட்டு அகலப் பாதையாகி 2015இல் மறுபடி திறக்கும் வரை, எங்கள் இரு பக்கத்துக்கும் ரயில் தொடர்பே இல்லாமல் இருந்தது. அத்தைக்கு அந்தப் பழைய மீட்டர்கேஜ் வண்டியில் தலைச்சன் பிள்ளையோடு தாய்வீட்டுக்கு வந்த நினைவு இன்னும் பசுமையாக இருக்கிறது.

கொல்லங்கோட்டுக்குப் போனால் காட்சி மாறும். நெல்லியாம்பதி மலை செங்குத்தாக எழுந்து நிற்க, அதன் அடிவாரம் வரை நெல்வயல். வயல் வரப்புகளில் பனை. மழைக்காலத்தில் சீதார்குண்டு அருவி மலையிலிருந்து விழுவது சாலையிலிருந்தே தெரியும் என்பார்கள். நாங்கள் போகும் மாசியில் பாறையில் ஈரக்கோடு மட்டும் இருக்கும். அங்கே இரண்டாம் போகம் அறுவடைக்கு நிற்கும் வயலைப் பார்த்து மாமா முதலில் கேட்பது மகசூலை அல்ல, கடைசித் தண்ணீர் எப்போது கிடைத்தது என்பதைத்தான். காயத்ரிப்புழையின் மீங்கரை, சுள்ளியாறு அணைகளை நம்பிய வயல்கள் அவை. வரப்பில் நின்றிருந்த பெரியவர் மலையாளத்திலும் மாமா தமிழிலுமாக அரை மணி நேரம் தண்ணீர் பேசினார்கள். இருவருக்கும் எதுவும் விளங்காமல் போகவில்லை.

மாசியில் நாங்கள் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சித்தூர்க் காவு பகவதியின் கொங்கன்படைத் திருவிழா அப்போதுதான் நடக்கும். கொங்கு மன்னனின் படை சித்தூர்மேல் படையெடுத்து வந்ததாகவும், பகவதியின் துணையோடு ஊரார் அதை முறியடித்ததாகவும் ஐதிகம். அந்தப் போரையே வேடமிட்டு நடித்து, வாணம் விட்டுக் கொண்டாடுகிறார்கள். கொங்கு நாட்டிலிருந்து போன நாங்களும் அத்தை குடும்பத்தோடு கூட்டத்தில் நின்று அதைப் பார்க்கிறோம். யாருக்கும் அதில் மனக்குறை வந்து நான் கண்டதில்லை. ஊரைச் சுற்றியுள்ள தமிழ் பேசும் குடும்பங்கள் பகவதிக்கு நேர்ந்துகொள்கின்றன, முடியிறக்குகின்றன. அதே ஊரில், மூலத்தறையிலிருந்து வந்து இங்கே சோகநாசினி என்று பெயர் பெற்ற ஆற்றின் கரையில், மலையாளத்தின் தந்தை எனப்படும் எழுத்தச்சன் தம் இறுதிக் காலத்தைக் கழித்ததாகச் சொல்லப்படும் குருமடம் இருக்கிறது. அந்தப் படித்துறையில் கால் நனைக்கும்போது, இந்த நீரில் ஒரு பங்கு எங்கள் ஆனைமலையைத் தாண்டி வந்தது என்ற எண்ணம் எனக்குத் தவறாமல் வருகிறது. இதே நீர் பறளியில் கல்பாத்திப்புழையோடு சேர்ந்து பாரதப்புழையாகிப் பொன்னானியில் கடலை அடைகிறது.

மச்சானின் மகள் சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ் இலக்கியம் படித்தவள். தமிழும் மலையாளமும் அறிந்தவர்களுக்கென்று கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையம் தனியாக நடத்தும் எழுத்தர் தேர்வுக்கு இப்போது படித்துக்கொண்டிருக்கிறாள். தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே மனு எழுதலாம் என்று 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அந்த மனுவை வாசித்துப் பதில் எழுத ஓர் ஆள் அலுவலகத்தில் இருக்க வேண்டும். அந்த ஆளாக உட்கார வேண்டும் என்பது அவளுடைய ஆசை. கடைமடை விவசாயிகள் சங்கத்துக்குத் தண்ணீர் மனுக்களை இரண்டு மொழியிலும் இப்போதே அவள்தான் எழுதித் தருகிறாள். தாத்தாவின் நோட்டிலுள்ள தேதிகளைக் கணினியில் ஏற்றியவளும் அவளே.

2020இல் எல்லை மூடப்பட்ட மாதங்களை இங்கே சொல்லாமல் விட முடியவில்லை. இ-பாஸ் இல்லாமல் யாரும் கடக்க முடியாத நிலையில், அந்த ஆண்டில் எங்கள் பெரியப்பாவின் சாவுக்கு அத்தையால் வர முடியவில்லை. உடன்பிறந்தவனின் முகத்தைக் கைப்பேசியில் பார்த்து அழுதார். அந்த மாதங்களிலும் மணக்கடவில் தண்ணீர் அளக்கப்பட்டு எல்லையைக் கடந்து போய்க்கொண்டுதான் இருந்தது. மாமாவின் நோட்டில் அந்த ஆண்டின் தேதிகளும் விடுபடாமல் இருக்கின்றன.

எல்லை திறந்த பிறகு, மாமா தம் வாழ்நாளில் முதன்முறையாக ஆழியாறு அணையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். அணையின் முழு மட்டம் 120 அடி என்று நெடுங்காலமாகக் கேட்டு வந்தாரே தவிர, அந்த அளவுகோலை அவர் கண்ணால் கண்டதில்லை. கூட்டிக்கொண்டு போனேன். மற்றவர்கள் பூங்காவுக்குள் போக, அவர் கரைமேல் நின்று நீர்ப்பரப்பையே நெடுநேரம் பார்த்தார். பிறகு மணக்கடவுக்குப் போனோம். மேலிருந்து விடுவது அங்கே வந்து சேர எவ்வளவு நேரம் பிடிக்கும், நடுவே ஆற்றில் மோட்டார் வைத்து இறைப்பது எவ்வளவு, மணல் குழிகளில் நிற்பது எவ்வளவு என்று அவர் கேட்ட கேள்விகளுக்கு, பிறந்தது முதல் அந்த ஆற்றங்கரையில் இருக்கும் என் அப்பாவுக்கே பல இடங்களில் விடை தெரியவில்லை. இருவரும் அன்று மாலை எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, மாமாவின் நோட்டில் உள்ள தேதிகளையும் காரப்பட்டி வாய்க்காலில் எங்களுக்குத் தண்ணீர் விட்ட தேதிகளையும் அப்பாவின் நினைவிலிருந்து எடுத்து ஒப்பிட்டார்கள். இரண்டு பக்கமும் ஒரே பதினைந்து நாளில் வாடிய ஆண்டுகள் சில கிடைத்தன. அப்பா இப்போது தாமும் ஒரு நோட்டு போட்டிருக்கிறார்.

இந்த ஐப்பசியில் அத்தை குடும்பம் முழுதும் வருவதாகச் சொல்லியிருக்கிறது. பழைய ஆயக்கட்டின் ஐந்து வாய்க்கால்களையும் தலைப்பிலிருந்து கடைமடை வரை நடந்து பார்க்க வேண்டும் என்று மாமா கேட்டிருக்கிறார். பள்ளிவிளங்காலில் தொடங்கி நாளுக்கு ஒரு வாய்க்காலாகப் போகலாம் என்பது அப்பாவின் ஏற்பாடு. மச்சானின் மகள் தன் மடிக்கணினியைக் கொண்டுவருகிறாள்.